புகைபோக்கிக்குப் பேரேடு வந்த கதை

பஞ்சப்பூர் என்றால் இன்று திருச்சிக்காரர்களுக்கு 2025-இல் திறந்த பேருந்து முனையம் நினைவுக்கு வரும். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே அந்தப் பெயரை அன்றாடம் உச்சரித்தவர்கள் இரண்டே வகையினர்: மாநகராட்சிப் பொறியாளர்கள், செப்டிக் டேங்க் லாரிக்காரர்கள். நகரத்தின் பாதாளச் சாக்கடை போய்ச் சேருமிடம் அது. நாளொன்றுக்கு 5.8 கோடி லிட்டர் கழிவுநீரை, பொறியாளர் கணக்கில் 58 எம்.எல்.டி., வாங்கிக்கொள்ளும் குளங்கள் அங்கே இருக்கின்றன. குளங்கள் என்றால் குளங்களேதான். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தண்ணீர் மெல்ல நகரும். வெயிலும் பாசியும் பாக்டீரியாவும் வேலையைப் பார்த்துக்கொள்ளும். தெளிந்தது கோரையாற்றுக்குப் போகும், தெளியாதது அடியில் படியும். அந்தப் படிவைத்தான் ஸ்லட்ஜ் என்கிறார்கள், தமிழில் கசடு. குளத்தடியில் அது வருடக்கணக்கில் கிடந்து அழுகிச் சுருங்கும். தூர்வாரும் நாள் வரும்வரை யாருக்கும் அதன் நினைப்பே வராது. அங்கே புகைபோக்கி கிடையாது. அதனால் புகைக்குக் கணக்கெழுதும் பேரேடும் கிடையாது.

அதே திருச்சியின் கிழக்குக் கோடியில் திருவெறும்பூர். செக்கோஸ்லோவாக்கியாவின் உதவியோடு எழுந்து 1965-இல் உற்பத்தியைத் தொடங்கிய பெல் கொதிகலன் ஆலை அங்கே இருக்கிறது. அந்த ஆலை செய்யும் கொதிகலன்களில் ஒரு வகை ஃப்ளூயிடைஸ்டு பெட். அடியிலிருந்து வேகமாக ஊதும் காற்றில் சூடான மணல் தண்ணீர் போலக் கொதித்துப் புரளும், அதற்குள் மட்டமான நிலக்கரியைப் போட்டாலும் எரியும். வேர்க்கடலை வறுக்கும் மணல் சட்டியை யாரோ அடியிலிருந்து ஊதிவிட்டால் எப்படியிருக்கும், அப்படி. அமெரிக்க நகரங்கள் சாக்கடைக் கசட்டை எரிக்கும் உலைகளில் நல்லவை எல்லாம் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆக, உலை செய்யத் தெரிந்த கைகளும் எரிக்க வேண்டிய கசடும் ஒரே ஊரில் இருந்தும் ஒன்றையொன்று சந்தித்ததில்லை. சந்தித்த ஊர்களில் உலையோடு சேர்ந்து இன்னொன்றும் வளர்ந்தது. என்ன எரிந்தது, எவ்வளவு சூட்டில் எரிந்தது, புகையில் என்ன போனது, யார் பக்கத்தில் நின்றார் என்று கால்மணிக்கு ஒருதரம் குறித்து வைக்கும் பதிவேடு அது. அது பிறந்த விதம் கொஞ்சம் சுற்றுவழி.

தொடக்கம் இங்கிலாந்தின் மான்செஸ்டர் பக்கம். சோப்புக்கும் கண்ணாடிக்கும் வேண்டிய சோடாவைச் செய்த ஆலைகள் ஹைட்ரோகுளோரிக் அமில வாயுவை வானத்தில் விட்டுக்கொண்டிருந்தன. பல மைல் தூரத்துக்கு மரம் கருகியது, பயிர் பட்டுப்போனது. 1863-இல் நாடாளுமன்றம் ஆல்கலி சட்டம் கொண்டுவந்தது: அந்த வாயுவில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கைத் தண்ணீரில் கரைத்துப் பிடித்துவிட வேண்டும். சட்டம் எழுதுவது எளிது. மிச்சம் ஐந்து பங்குதான் போகிறது என்று யார் சொல்வது? அதற்காக நியமிக்கப்பட்டவர் மான்செஸ்டரில் வாழ்ந்த வேதியியலாளர் ராபர்ட் ஆங்கஸ் ஸ்மித். பின்னாளில் அமில மழைக்கு அந்தப் பெயரைச் சூட்டியவரும் இவர்தான். அவரிடம் இருந்ததோ விரல்விட்டு எண்ணக்கூடிய துணை ஆய்வாளர்கள். ஆய்வாளர் பகலில் வருவார், ஆலை இரவிலும் ஓடும். பகலில் அடக்கி வைத்து இரவில் திறந்துவிடுகிறார்கள் என்ற புகார் அப்போதே உண்டு. ஆகவே கண்ணையும் மூக்கையும் நம்புவதை விட்டுக் கருவியை நம்ப வேண்டியதாயிற்று. புகைபோக்கிக்குள் காற்று ஓடும் வேகத்தை அளக்க ஸ்மித்தின் துணை ஆய்வாளர் ஆல்ஃபிரட் ஃப்ளெட்சர் ஒரு கருவி செய்தார். 1874-இல் சட்டம் திருத்தப்பட்டபோது வெறும் விகிதத்தோடு ஓர் எண்ணும் ஏறியது: ஒரு கன அடி புகையில் 0.2 கிரெய்னுக்கு மேல் அமிலம் இருக்கக்கூடாது. புகைபோக்கியின் வாய்க்கு எண்ணால் பூட்டுப் போட்ட ஆரம்பகாலச் சட்டங்களில் இது ஒன்று. ஸ்மித் ஆண்டுதோறும் நாடாளுமன்றத்துக்கு அறிக்கை எழுதினார். புகைக்கு வருடாந்திர அறிக்கை என்ற வழக்கமே அங்கிருந்து வந்ததுதான்.

இந்தியாவுக்கு இது வேறு வாசல் வழியாக வந்தது. கல்கத்தாவின் சணல் ஆலைகளும் நீராவிப் படகுகளும் கக்கிய கறுப்புப் புகைக்காக 1905-இல் வங்காளப் புகைத் தொல்லைச் சட்டம் வந்தது. ஏழு வருடம் கழித்துப் பம்பாய்க்கும் ஒன்று. அந்தக் காலத்து ஆய்வாளர்கள் உலகெங்கும் நம்பியது ஒரு காகிதத்தை. பாரிஸ் பேராசிரியர் மாக்ஸிமிலியன் ரிங்கெல்மன் 1888 வாக்கில் வரைந்த அட்டை அது. வெள்ளைத் தாளில் கறுப்புக் கோடுகள் கட்டம் கட்டமாக இருக்கும். தூரத்தில் மாட்டி வைத்துப் பார்த்தால் கோடுகள் கலந்து சாம்பல் நிறமாகத் தெரியும். புகையை அதோடு ஒப்பிட்டு ஒன்றாம் நம்பர், இரண்டாம் நம்பர் என்று குறித்துக்கொள்ளலாம். ஒன்றாம் நம்பர் என்றால் வெளிச்சத்தில் ஐந்தில் ஒரு பங்கை மறைக்கும் புகை. கருவி வாங்கக் காசில்லாத அரசுக்கு இதைவிட மலிவான வழி கிடையாது. ஆனால் அட்டைக்கு நிறம் மட்டுமே தெரியும். பாதரச ஆவி நிறமில்லாமல் போனால் அது என்ன செய்யும்?

கசடு பிறந்ததும் அதே மான்செஸ்டரில்தான். 1914 ஏப்ரலில் ஆர்டன், லாக்கெட் என்ற இரண்டு வேதியியலாளர்கள் அங்கே ஒரு கூட்டத்தில் தங்கள் ஆய்வை வாசித்தார்கள். கழிவுநீருக்குள் காற்றை ஊதிக்கொண்டே இருந்தால் நுண்ணுயிர்கள் திரண்டு அழுக்கைத் தின்னும், பிறகு கனத்து அடியில் உட்காரும், மேலே தெளிந்த நீர் நிற்கும். இன்று உலகத்துப் பெருநகரச் சுத்திகரிப்பு நிலையங்களில் பெரும்பாலானவை இந்த முறையில்தான் ஓடுகின்றன. அந்த இருவருக்கும் வழிகாட்டியவர் கில்பர்ட் ஃபௌலர். அவர் 1916-இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்குப் பேராசிரியராக வந்து சேர்ந்தார் என்பது நம்மவர்கள் அதிகம் பேசாத செய்தி. தொழில்நுட்பம் கப்பலேறி வரும் முன் அதைப் பெற்றெடுத்தவர்களில் ஒருவரே வந்துவிட்டார்.

இந்த முறையில் ஒரு சிக்கல் இருக்கிறது. தண்ணீர் எவ்வளவு சுத்தமாகிறதோ அவ்வளவு கசடு சேரும், அதுவும் ஒருநாள் தவறாமல். பஞ்சப்பூர்க் குளம் மாதிரி வருடக்கணக்கில் மறந்திருக்க முடியாது. எந்திரத்தில் பிழிந்து எடுத்த பிறகும் ஸ்லட்ஜ் கேக் என்று அழைக்கப்படும் அந்தக் கட்டியில் நூற்றுக்கு எழுபத்தைந்து, எண்பது பங்கு தண்ணீரேதான். கையில் எடுத்தால் ஈரக் களிமண் போல இருக்கும். வயலில் போடலாம், ஆனால் நகரத்துக் கசட்டில் காட்மியமும் ஈயமும் இருந்தால் உழவர் யோசிப்பார். புதைக்கலாம், அதற்கு நிலம் வேண்டும். கடற்கரை நகரம் என்றால் படகில் ஏற்றிக் கடலில் கொட்டலாம். நியூயார்க் பல பத்தாண்டுகள் அப்படித்தான் செய்தது. எரிக்கவும் செய்யலாம்.

எரிக்கத் துணிந்த முதல் அமெரிக்க நகரங்களில் ஒன்று மிஷிகனின் டியர்பார்ன், 1930-களின் நடுவில். அந்த உலையை ஒருமுறை உள்ளே எட்டிப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் பின்னால் வரும் சட்டச் சண்டைகள் எல்லாம் அதன் வயிற்றுக்குள்தான் இருக்கின்றன. தாதுக்களை வறுக்க உருவான வடிவம் அது. செங்கல் பூசிய உயரமான உருளை, உள்ளே ஒன்றின்மேல் ஒன்றாகப் பல தளங்கள். நடுவே ஒரு தண்டு மெதுவாகச் சுற்றும், அதிலிருந்து நீளும் கைகள் கசட்டைக் கிளறித் தள்ளும். ஒரு தளத்தில் ஓரத்திலிருந்து நடுவுக்கு, அடுத்த தளத்தில் நடுவிலிருந்து ஓரத்துக்கு என்று கட்டி படிப்படியாக இறங்கும். மேல் தளங்களில் காயும், நடுத் தளங்களில் எரியும், கீழே சாம்பலாகி ஆறும். எரியும் வாயு அதற்கு எதிர்த்திசையில் மேலே ஏறும். ஏறும்போது புதிதாக விழும் ஈரக் கசட்டைத் தடவிக்கொண்டு போகும். கசட்டைக் காய வைக்க அது வசதிதான். ஆனால் அந்த இடத்தில் சூடு குறைந்துவிடுவதால், ஈரக் கசட்டிலிருந்து கிளம்பும் எண்ணெய்ப்பசை ஆவிகள் எரியாமலே புகைபோக்கிக்குப் போய்விடும். நாற்றமும் கார்பன் மோனாக்சைடும் அந்த உலையின் கூடப்பிறந்த குணங்கள். கொதிக்கும் மணல் வகை உலை 1962-இல் வாஷிங்டன் மாநிலத்தின் லின்வுட் நகரில் முதன்முதலாகக் கசடு எரிக்க வந்தது. அதில் இந்தக் கோளாறு கிடையாது. கட்டி மணலில் விழுந்த கணமே வெடித்துக் காய்ந்து எரிந்துவிடும், ஆவியும் மணலுக்கு மேலுள்ள சூட்டில் தப்பாமல் எரியும்.

1970-இல் அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டம் வந்தது. 1974-இல் கசடு உலைகளுக்கென்று முதல் தேசிய விதி வந்தது. எரியும் உலர்ந்த கசட்டில் ஒரு கிலோவுக்கு 0.65 கிராமுக்கு மேல் தூசி வெளியேறக்கூடாது, புகையின் மறைப்பு நூற்றுக்கு இருபதைத் தாண்டக்கூடாது. அந்த இருபது வேறொன்றுமில்லை, ரிங்கெல்மன் அட்டையின் ஒன்றாம் நம்பர். எண்பத்தாறு வருடம் கழித்தும் பாரிஸ் பேராசிரியரின் கோடுகள் வாஷிங்டன் விதிப்புத்தகத்தில் உட்கார்ந்திருந்தன. தூசியைச் சோதிப்பதற்கோ ஒரு நாள் குறித்து, கருவிகளோடு புகைபோக்கி மேல் ஏறி அளப்பார்கள். அந்த நாளில் உலை மாப்பிள்ளை மாதிரி நடந்துகொள்ளும். மற்ற நாள்களில் அது எப்படி என்று சொல்ல ஒரு தாளும் இல்லை. ஸ்மித்துக்கு இரவில் வந்த அதே தொல்லை.

இதற்கிடையில் கடல் கதவு மூடியது. 1988-இல் கடலில் கொட்டுவதைத் தடைசெய்யும் சட்டம் நிறைவேறியது. கடைசி நாள் 1991 முடிவு என்று வைத்தார்கள். கரைக்குத் திரும்பி வந்த கசட்டுக்கு வழி சொல்ல வேண்டிய கட்டாயத்தில் 1993 பிப்ரவரி 19 அன்று 503-ஆம் பகுதி என்று அழைக்கப்படும் கசடு விதிகள் வெளியாயின. பேரேடு முறையாகப் பிறந்த நாள் எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். எரியாமல் தப்பும் ஹைட்ரோகார்பன் மாத சராசரியில் பத்து லட்சத்தில் 100 பங்கைத் தாண்டக்கூடாது, அதை அளக்கும் கருவி புகைபோக்கியிலேயே நிரந்தரமாக நின்று ஓயாமல் எழுதிக்கொண்டிருக்க வேண்டும், அந்தப் பதிவுகளை ஐந்து ஆண்டு பாதுகாக்க வேண்டும், ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி 19-இல் அறிக்கை கொடுக்க வேண்டும். விதி வெளியான தேதியையே கெடு தேதியாக வைத்துவிட்டார்கள். அதிகாரிகளுக்கும் சில நேரம் சோம்பல் வரும்.

ஆனாலும் இது தூய நீர்ச் சட்டத்தின் பிள்ளை, காற்றுச் சட்டத்தின் பிள்ளை இல்லை. குப்பை எரிக்கும் எல்லா உலைகளுக்கும் ஒன்பது நஞ்சுகளுக்கு எல்லை வகுக்க வேண்டும் என்று 1990-இல் திருத்திய காற்றுச் சட்டம் சொல்லியிருந்தது. சாக்கடைக் கசடு அந்தக் கணக்கில் குப்பையா இல்லையா என்று ஆண்டுக்கணக்கில் இழுத்தார்கள், வழக்காடினார்கள். கடைசியில் 2011 மார்ச் 21 அன்று விதி வந்தது. நாடு முழுக்க 204 உலைகள் என்று அப்போது எண்ணினார்கள். அதில் 144 பழைய அடுக்கு உலைகள், 60 மணல் உலைகள். காட்மியம், ஈயம், பாதரசம், டையாக்சின், தூசி, ஹைட்ரஜன் குளோரைடு, கார்பன் மோனாக்சைடு, கந்தக டையாக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடுகள் ஆகிய ஒன்பதுக்கும் எல்லை. பழைய உலைகள் திருந்த ஐந்தாண்டு அவகாசம், 2016 மார்ச் வரை.

இந்த விதிப்புத்தகத்தின் ஓர் அட்டவணையைப் பார்த்தால் சிரிப்பு வரும். ஏற்கெனவே ஓடும் மணல் உலைக்குக் கார்பன் மோனாக்சைடு எல்லை பத்து லட்சத்தில் 64 பங்கு. அடுக்கு உலைக்கு 3,800. ஊர் ஒன்று, கசடு ஒன்று, மூக்கும் ஒன்று, எல்லையில் மட்டும் அறுபது மடங்கு வித்தியாசம்! காரணம் இருக்கிறது. பழைய உலைகளில் சிறந்த பன்னிரண்டு சதவீதம் என்ன செய்கின்றனவோ அதன் சராசரிதான் குறைந்தபட்ச அளவுகோல் என்று சட்டம் சொல்கிறது. உலைகளை இனம் பிரித்து அதன்பின் சராசரி எடுத்தால் நல்ல இனத்துக்குக் கடுமையான எல்லையும் மோசமான இனத்துக்குத் தாராளமான எல்லையும் கிடைக்கும். கணக்கு சரிதான். நியாயமா என்றால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஈரக் கசட்டைத் தடவிக்கொண்டு மேலேறும் அந்த வாயுவுக்குச் சட்டமே சலுகை எழுதிக் கொடுத்திருக்கிறது.

ஒன்பது நஞ்சில் பெரும்பாலானவற்றை ஓயாமல் அளக்க வசதி இல்லை என்பதுதான் பதிவேடு இவ்வளவு பருத்ததற்குக் காரணம். டையாக்சினை அளப்பதென்றால் மணிக்கணக்கில் புகையை உறிஞ்சி, வடிகட்டியை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிக் காத்திருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறைதான் முடியும். ஆகவே ஒரு தந்திரம் செய்தார்கள். சோதனை நாளில் நஞ்சு எல்லைக்குள் இருந்தபோது உலையின் சூடு எவ்வளவு, புகையைக் கழுவும் ஸ்க்ரப்பரில் தண்ணீர் எவ்வளவு ஓடியது, அதில் அழுத்தம் எவ்வளவு குறைந்தது, கழுவிய நீரின் அமிலத்தன்மை எவ்வளவு என்று குறித்துக்கொள். மற்ற 364 நாளும் அந்த எண்களைக் காப்பாற்று. நஞ்சைப் பார்க்க முடியாவிட்டால் நஞ்சு அடங்கியிருந்த நிலைமையைப் பார். கருவி கால்மணிக்கு ஒரு முறையாவது எழுத வேண்டும். சூட்டுக்கும் தண்ணீருக்கும் பன்னிரண்டு மணிநேரச் சராசரி, அமிலத்தன்மைக்கு மூன்று மணிநேரச் சராசரி. உள்ளே போன கசடு எவ்வளவு, அதில் ஈரம் எவ்வளவு என்பதும் தினசரிக் கணக்கில் உண்டு.

அந்தப் பேரேட்டின் ஒரு பக்கத்தில் எனக்குப் பிடித்த பத்தி இரண்டு. ஒன்று, மாற்றுப் புகைபோக்கி. ஸ்க்ரப்பருக்குத் தண்ணீர் நின்றுபோனால் சூடான புகை அதைப் பொசுக்கிவிடும் என்பதற்காக அதைச் சுற்றிக்கொண்டு நேரே வானத்துக்குப் போகும் வழி ஒன்று இருக்கும். அது எந்தத் தேதியில், எத்தனை மணிக்குத் திறந்தது, எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்று எழுதியாக வேண்டும். எழுதினால் அதுவே மீறல் கணக்கில் சேரும். ஆண்டின் முதல் பாதி மீறல்களுக்கு ஆகஸ்ட் 1, இரண்டாம் பாதிக்குப் பிப்ரவரி 1 கெடு. இன்னொன்று ஆளைப் பற்றியது. பயிற்சி பெற்றுத் தகுதிச் சான்று வாங்கிய இயக்குநர் யாரும் தொடர்ந்து இரண்டு வாரம் கிடைக்காமல் போனால் பத்து நாளுக்குள் அரசுக்குத் தகவல் சொல்ல வேண்டும், அதன்பின் நான்கு வாரத்துக்கொரு முறை நிலவர அறிக்கை. மின்சாரம் போனதைப் போலவே ஆள் இல்லாததையும் விபத்தாகக் கருதும் விதி அரிது.

பாதரசம் மட்டும் எந்த உலைக்கும் அடங்காதது. அது தனிமம், எரிந்து இல்லாமல் போகாது, ஆவியாகிப் புகைபோக்கி ஏறும். எல்லையைக் காப்பாற்ற வழி தேடியவர்கள் உலையை விட்டு ஊருக்குள் போக வேண்டியிருந்தது. சாக்கடைக்கு வரும் பாதரசத்தில் பெரும்பங்கு பல் மருத்துவமனைகளின் அமால்கம் அடைப்பிலிருந்து வருவதாகத் தெரிந்தது. 2017-இல் அமெரிக்கப் பல் மருத்துவர்கள் அமால்கம் பிரிப்பான் வைத்தாக வேண்டும் என்று தனி விதி வந்தது.

இனி நம் பக்கம். காற்று மாசுத் தடுப்புச் சட்டம் 1981-இல் வந்தது, அடுத்த ஆண்டே தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். 1992 மார்ச்சில் மத்திய அரசில் ஒரு புதுமை செய்தார்கள். இசைவாணை வாங்கி நடத்தும் ஒவ்வொரு தொழிலும் செயல்பாடும் ஆண்டுக்கு ஒருமுறை தன் சுற்றுச்சூழல் கணக்கைத் தானே எழுதிக் கொடுக்க வேண்டும், படிவம் 5-இல், செப்டம்பர் 30-க்குள். முதலில் தணிக்கை என்று பெயர் வைத்து, மறுவருடமே அறிக்கை என்று இறக்கிக்கொண்டார்கள். தணிக்கை என்றால் யாராவது சரிபார்க்க வேண்டுமே! 2014 பிப்ரவரியில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அதிகம் மாசுபடுத்தும் 17 வகைத் தொழில்களுக்கு ஓயாமல் அளக்கும் கருவியைக் கட்டாயமாக்கியது. தமிழ்நாட்டில் கருவி எழுதுவது சென்னை கிண்டியில் மாநில வாரியத்தின் கேர் ஏர் மையத்துக்கு நேராகப் போகும். மருத்துவக் கழிவு உலைகளுக்கு 2016 விதிகளில் இரண்டாம் அறையில் 1,050 டிகிரி, புகை அங்கே குறைந்தது இரண்டு நொடி தங்க வேண்டும், பதிவுகள் ஐந்தாண்டு. அதே ஆண்டு கழிவுகளைச் சேர்த்து எரிக்கும் சிமெண்ட் சூளைகளுக்கு டையாக்சின் எல்லை ஒரு கன மீட்டருக்கு 0.1 நானோகிராம் என்று வந்தது. திருச்சியைச் சுற்றி டால்மியாபுரத்திலிருந்து அரியலூர்வரை வரிசையாகச் சிமெண்ட் ஆலைகள் இருப்பதால் இது தொலைதூரச் செய்தி இல்லை. சாக்கடைக் கசட்டுக்கென்று தனி உலை விதி மட்டும் இல்லை. உலையே இல்லாதபோது அதற்கு யார் விதி எழுதுவார்கள்?

விதி இல்லாமல் எரிந்தது ஒன்று உண்டு. அரியமங்கலம் குப்பைக் கிடங்கு. ஏறக்குறைய 47 ஏக்கரில் பல பத்தாண்டுக் குப்பை மலையாகக் கிடந்தது, கோடைதோறும் எங்கேயாவது பற்றிக்கொண்டது. தஞ்சாவூர்ச் சாலையில் போனவர்கள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்கள், சுற்றுப்புறத்தவர்கள் மறியல் செய்தார்கள். அந்தப் புகையில் எத்தனை நானோகிராம் என்று ஒரு கருவியும் எழுதவில்லை. எந்தச் சூட்டில் எரிந்தது என்ற கேள்வியே அங்கே கிடையாது. டையாக்சின் விளைவதற்கு, காற்றுப் போதாமல் புகைந்துகொண்டே இருக்கும் ஈரக் குப்பையைவிட வாகான இடம் கிடையாது. பிறகு பயோமைனிங் என்று மலையைக் கிளறிச் சலித்து, எரியும் பகுதியைச் சிமெண்ட் ஆலைகளுக்கு அனுப்பினார்கள். அரியமங்கலத்தில் கணக்கில்லாமல் எரிந்த அதே பிளாஸ்டிக், சூளைக்குள் போனதும் கணக்கோடு எரிகிறது.

கசட்டைப் பற்றிய முதல் பேரேடு திருச்சிக்கு லாரி வழியாக வந்தது. திருவரங்கத் தீவில் கோயிலைச் சுற்றிய வீதிகளைத் தாண்டி, மேலூர்ப் பக்கமும் கொள்ளிடக்கரைப் பக்கமும் வீடுகள் பெருகின. பாதாளச் சாக்கடை எட்டும் முன்பே வீடு எழும் இடங்களில் எல்லாம் செப்டிக் டேங்க்தான். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, அல்லது நாற்றம் சொல்லும்போது, லாரிக்குப் போன் போகும். தடித்த குழாயைச் சந்துக்குள் இழுத்து, மூடியைப் பெயர்த்து, மோட்டாரைப் போட்டால் கொஞ்ச நேரத்தில் சில ஆயிரம் லிட்டர் டேங்கருக்குள் ஏறிவிடும். ஏறியது எங்கே இறங்கியது என்பதுதான் கேள்வி. தமிழகம் முழுக்க அதற்கு விடை ஊரறிந்த ரகசியம்: இரவு, ஆற்றோரம், ஏரிக்கரை, ஆளில்லாத காலி மனை. இந்த நகரத்தின் உய்யக்கொண்டான் வாய்க்காலும் கோரையாறும் குடிக்காத அழுக்கு இல்லை.

2013-இல் மனிதரைக் கழிவுக்குழிக்குள் இறக்குவதைத் தடைசெய்யும் மத்தியச் சட்டம் வந்ததும் லாரிகளின் தேவை கூடியது. 2014 செப்டம்பரில் தமிழக அரசு செப்டேஜ் எனப்படும் செப்டிக் டேங்க் கழிவின் மேலாண்மைக்கு நடைமுறை வழிகாட்டுதல் ஒன்றை வெளியிட்டது. இந்திய மாநிலங்களில் இதில் முந்திக்கொண்டவர்களில் நாம் ஒருவர். லாரி உள்ளாட்சியில் பதிவாக வேண்டும், அள்ளியதைச் சுத்திகரிப்பு நிலையத்துக்கோ குறித்த பம்பிங் ஸ்டேஷனுக்கோ கொண்டுபோக வேண்டும், ஒவ்வொரு நடைக்கும் படிவம் நிரப்ப வேண்டும். 2015-இல் தொடங்கிய தமிழ்நாடு நகர்ப்புறச் சுகாதார ஆதரவுத் திட்டம் சோதனைக் களமாக எடுத்துக்கொண்ட ஊர்களில் திருச்சியும் ஒன்று. கோயம்புத்தூர்ப் பக்கம் பெரியநாயக்கன்பாளையமும் நரசிம்மநாயக்கன்பாளையமும் மற்ற இரண்டு. 2022-இல் மாநில உள்ளாட்சிச் சட்டத்தையே திருத்தி லாரிக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கினார்கள்.

அந்த நடைச் சீட்டு பெரிய விஷயமாகத் தெரியாது. யார் வீடு, எந்தத் தெரு, வண்டி எண், எத்தனை லிட்டர், எத்தனை மணிக்கு எங்கே இறக்கியது, வாங்கிக்கொண்டவர் கையெழுத்து. ஆனால் ஸ்மித் முதல் 503-ஆம் பகுதி வரை ஒரு நூற்றாண்டுக்கு மேல் தேடிய விஷயம் இதுதான். யாரும் பார்க்காத நேரத்தில் என்ன நடந்தது என்பதற்கு ஒரு சாட்சி. அமெரிக்கப் பேரேடு உலை வாயிலில் தொடங்கிப் புகைபோக்கியில் முடிகிறது. நம் சீட்டு வீட்டுக் கொல்லையில் தொடங்கிக் குளத்து வாயிலில் முடிந்துவிடுகிறது. இரண்டையும் நடுவில் ஒட்டினால்தான் முழுக் கணக்கு.

ஒட்டுவதற்கான இடம் இந்தியாவில் ஏற்கெனவே உருவாகிவிட்டது. தெலங்கானாவின் வாரங்கலிலும் மகாராஷ்டிரத்தின் வாய் நகரிலும் செப்டிக் டேங்க் கசட்டைக் காயவைத்து, காற்றைக் குறைத்துச் சூட்டில் கரியாக்கும் சிறு நிலையங்கள் வந்தன. இந்த வகைச் சிறு எந்திரங்களுக்காக 2020-இல் ஐ.எஸ்.ஓ. 31800 என்ற உலகத் தரம் வெளியானது. புகையில் என்ன இருக்கலாம், எதை அளக்க வேண்டும் என்பதும் அதில் அடக்கம். திருச்சியில் எந்திர முறைச் சுத்திகரிப்பு கூடக்கூடக் கசடு தினமும் சேரும், தினமும் வழி கேட்கும். அப்போது உலை வேண்டுமா, வயல் வேண்டுமா என்ற விவாதமும் எழும். முக்கால் பங்கு தண்ணீரை எரிபொருள் ஊற்றிக் கொதிக்க வைப்பதைவிட இந்த வெயில் ஊரில் காயவைத்து வயலுக்குக் கொடுப்பது மலிவு என்பது என் கட்சி. உலோகம் எவ்வளவு இருக்கிறது என்று சோதித்த பிறகு, அதையும் எழுதி வைத்த பிறகு.

எழுத இடம் இல்லாமல் இல்லை. 1992-இல் வந்த படிவம் 5-இல் ஈ என்று ஒரு பகுதி உண்டு. திடக்கழிவு எவ்வளவு என்று சென்ற ஆண்டுக்கும் நடப்பு ஆண்டுக்கும் பக்கத்தில் பக்கத்தில் கேட்கும். உற்பத்தியில் வந்தது ஒரு வரி, மாசு அகற்றும் அமைப்பில் வந்தது அடுத்த வரி, அதில் எவ்வளவு மறுபடி பயன்பட்டது, விற்றது, அகற்றியது என்று அதற்கும் கீழே. எந்திர நிலையத்தில் பிழிந்த ஸ்லட்ஜ் கேக்குக்கு அந்த இரண்டாம் வரியில் ஆண்டுதோறும் ஓர் எண் விழும். குளத்தடியில் படிவதற்கு, தூர்வாரும் ஆண்டில் மட்டும்.